ஓட்டை அடைக்கும் பணியில் நம் பங்கு

ஏரிக்கரையில் நண்டு வளை ஒன்றைக் கண்டால் அதனை அன்றே அடைத்துவிட வேண்டும் என்பது நம் கிராமத்தார் அனைவரும் அறிந்த உண்மை. வளை சிறியதுதானே என்று விட்டுவைத்தால், மழைக்காலத்தில் அதன் வழியே நீர் கசிந்து, மண்ணை அரித்து, முடிவில் கரையே உடைந்து போகும். கரையைக் கட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அதனைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. இதன் பொருட்டே குடிமராமத்து என்னும் ஏற்பாட்டை நம் முன்னோர் வைத்திருந்தனர்.

இவ்வுண்மை இன்று பஞ்சாயத்து அலுவலகத்திலுள்ள கணினிக்கும் பொருந்தும். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் என்னும் இணையத்தளத்தில் பஞ்சாயத்துகளின் திட்டங்களும் வரவு செலவுகளும் பதிவாகின்றன. பணம் வழங்கும் ஆணைகள் டிஜிட்டல் கையொப்பத்துடன் இணைய வழியே செல்லுகின்றன. விவசாயிகளும் பட்டா, சிட்டா முதலிய ஆவணங்களைக் கைபேசியிலேயே பார்க்கின்றனர்.

இவ்வேலைகளுக்கெல்லாம் நாம் இருவகை மென்பொருள்களை நம்பியிருக்கிறோம். ஒன்று, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் உலாவி. மற்றொன்று, கடிதங்களைக் கொண்டுவரும் மின்னஞ்சல் மென்பொருள். இவ்விரண்டும் அயலார் அனுப்பும் பொருளை நம் கணினிக்குள் அனுமதிக்கும் வாயில்கள். ஆகவே திருடர் முதலில் சோதித்துப் பார்ப்பதும் இவ்வாயில்களையே. இவற்றில் ஓட்டைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றைக் கண்டுபிடிப்பவர் யாவர், எவ்வாறு அடைக்கின்றனர், அதில் நமக்குரிய பங்கு யாது என்பனவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஓட்டை என்பது யாது?

உலாவி என்பது மனிதர் எழுதிய கட்டளைகளின் தொகுதி. குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகளில் ஒவ்வொன்றிலும் கோடிக்கு மேற்பட்ட கட்டளை வரிகள் உள்ளன. அத்தனை வரிகளையும் பிழையின்றி எழுதுவது எவராலும் இயலாது. பெரும்பாலான பிழைகளால் பெருந்தீங்கு இல்லை. எழுத்து இடம் மாறித் தெரியும், அல்லது படம் தோன்றாமற் போகும். சில பிழைகள் மட்டும், எங்கோ இருக்கும் ஒருவர் நம் கணினியைத் தம் விருப்பப்படி இயக்குவதற்கு இடம் தருகின்றன. அத்தகைய பிழையையே பாதுகாப்பு ஓட்டை என்கிறோம். அதனை அடைப்பதற்காக மென்பொருளைச் செய்தவர் வெளியிடும் புதிய பகுதியைத் திருத்தம் என்போம். கணினித் திரையிலும் கைபேசியிலும் இது ‘அப்டேட்’ என்னும் பெயரில் வருகிறது.

ஓட்டைகளுள் மிகுதியாகக் காணப்படும் வகையை ஓர் உவமையால் விளக்கலாம். ஒரு மரக்கால் நெல் கொள்ளும் கூடையில் ஒன்றரை மரக்கால் நெல்லைக் கொட்டினால் மிகுதி வெளியே சிந்தும். அருகில் வேறொருவருடைய விதைநெல் குவிந்திருக்குமாயின் அதனோடு கலந்துவிடும். கணினியின் நினைவகத்திலும் ஒவ்வொரு பொருளுக்கும் இவ்வளவு இடம் என்று ஒதுக்கப்படுகிறது. வரும் பொருளை அளந்து பாராமல் அவ்விடத்தில் கொட்டும்படி மென்பொருள் எழுதப்பட்டிருந்தால், மிகுதி அடுத்த இடத்தில் சிந்தும். கணினி அடுத்தபடியாக என்ன செய்ய வேண்டும் என்னும் குறிப்பு அவ்விடத்தில் இருக்கலாம். சிந்தும் பகுதியைத் திருடன் திட்டமிட்டு அமைத்து அனுப்பினால், கணினி தன் உடையவரின் கட்டளையை விட்டுத் திருடனின் கட்டளையை நிறைவேற்றத் தொடங்கும்.

நினைவகத்தைத் தவறாகக் கையாளும் இத்தகைய பிழைகள் எவ்வளவு பெருகியுள்ளன என்பதற்குச் சான்று உண்டு. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தார், 2015 முதல் தாம் கண்ட 912 கடுமையான ஓட்டைகளை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்கு 70 இவ்வினத்தைச் சேர்ந்தவை என்று 2020-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

தொடக்ககால அனுபவங்கள்

1988-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுதிய நிரல் ஒன்று இணையத்தில் விடப்பட்டது. அது தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு கணினிக்குக் கணினி பரவிற்று. அந்நாளில் இணையத்தில் சுமார் 60,000 கணினிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 6,000 பாதிக்கப்பட்டன என்று மதிப்பிட்டனர். அந்நிரல் நுழைந்த வழிகளுள் ஒன்று, கடிதங்களை அனுப்புவதற்குப் பயன்பட்ட செண்ட்மெயில் என்னும் மென்பொருள். அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கென வைத்திருந்த ஒரு வசதி, வேலை முடிந்தபின் மூடப்படாமலே பல கணினிகளில் இருந்தது. சாரம் கட்டிய ஏணியைச் சுவரிலேயே விட்டுச் சென்றதற்கு இஃது ஒப்பாகும்.

பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் மறுநாளே திருத்தம் ஒன்றை அனுப்பினர். ஆனால் பல நிலையங்கள் அச்சத்தால் தம் கணினிகளை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டமையால், மருந்தைப் பற்றிய செய்தியும் அவர்களுக்குத் தாமதமாகவே கிடைத்தது. ஓட்டை பற்றிய செய்திகளைத் திரட்டி எல்லோருக்கும் அறிவிக்கப் பொதுவான நிலையம் ஒன்று தேவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. அம்மாதத்திலேயே பிட்ஸ்பர்கு நகரிலுள்ள கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அத்தகைய நிலையம் நிறுவப்பெற்றது. நம் நாட்டில் இப்பணியைச் செய்யும் சர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு 2004-ஆம் ஆண்டு சனவரி முதல் இயங்கி வருகிறது.

உலாவியைப் பற்றிய முதற்பாடங்களுள் ஒன்று 1995-ஆம் ஆண்டில் கிடைத்தது. அப்போது பெரிதும் வழங்கிய உலாவி நெட்ஸ்கேப். அனுப்பும் செய்தியைப் பிறர் படிக்காதவாறு பூட்டி அனுப்பும் வசதி அதில் இருந்தது. பூட்டுக்குரிய சாவியை எவரும் ஊகிக்க முடியாதபடி அமைக்க வேண்டுமல்லவா? ஆனால் அன்றைய நேரம், கணினி அவ்வேலைக்கு இட்டிருந்த எண் போன்ற எளிதில் ஊகிக்கத்தக்க விவரங்களைக் கொண்டே அச்சாவி உருவாகிறது என்பதை இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் என்னும் பெர்க்கிலி மாணவர் இருவர் அவ்வாண்டு செப்டம்பரில் வெளிப்படுத்தினர். பிள்ளையின் பிறந்தநாளையே பெட்டியின் இரகசிய எண்ணாக வைத்ததை இது போன்றது. அந்நிறுவனம் குற்றங்கண்டவர் மீது சினங்கொள்ளவில்லை, திருத்தம் வெளியிட்டது. அடுத்த மாதமே, தன் புதிய உலாவியில் பிழை கண்டு சொல்வோருக்குப் பரிசளிப்பதாகவும் அறிவித்தது. குறை சொல்பவரைப் பகைவராகக் கருதாமல் துணைவராகக் கொள்ளும் இம்முறை இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது.

திருத்தம் இருந்தும் நேர்ந்த சேதம்

இனி, பஞ்சாயத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவோம்.

மின்னஞ்சலோடு வரும் ஒவ்வோர் இணைப்பின் மீதும், உள்ளே இருப்பது படமா, ஒலியா, கடிதமா என்று கூறும் குறிப்புச் சீட்டு ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியின் 5.01, 5.5 ஆகிய பதிப்புகளில், இச்சீட்டை அப்படியே நம்பும் பிழை இருந்தது. உள்ளே இருப்பது இயங்கும் நிரலாயினும், சீட்டில் ஒலி என்று எழுதியிருந்தால், உடையவரைக் கேளாமலே உலாவி அதனைத் திறந்துவிடும். மூட்டையின் மேல் நெல் என்று எழுதியிருப்பதைக் கண்டு, அவிழ்த்துப் பாராமல் களஞ்சியத்தில் இறக்குவது போன்றது இது.

இதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. அவுட்லுக், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஆகிய மின்னஞ்சல் மென்பொருள்கள், வண்ணமும் படமும் அமைந்த கடிதங்களைக் காட்டுவதற்கு அவ்வுலாவியின் பகுதியையே பயன்படுத்தின. ஆகவே உலாவியில் இருந்த ஓட்டை மின்னஞ்சலிலும் ஓட்டையாயிற்று. இணைப்பைத் தொடாமல், கடிதத்தைப் பார்த்த அளவிலேயே தீங்கு நேரக்கூடிய நிலை ஏற்பட்டது.

மைக்ரோசாப்ட் நிறுவனம் இதற்கான திருத்தத்தை 2001-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் வெளியிட்டது. ஓட்டை இன்னது, அடைப்பு இன்னது என்று உலகறியக் கூறியும் விட்டது. எனினும் எண்ணற்ற கணினிகளில் எவரும் அதனை இடவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் நிம்டா என்னும் தீநிரல் புறப்பட்டது. மின்னஞ்சல் வழியே இதே ஓட்டையில் அது நுழைந்தது. இணையப் பக்கங்களை வழங்கும் கணினிகளையும் பற்றி, அப்பக்கங்களைப் பார்க்க வந்தவர்களின் உலாவிகளுக்கும் தொற்றிற்று. அலுவலகங்களில் பலரும் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புறைகளின் வழியேயும் பரவிற்று. சில மணி நேரத்தில் உலகின் பல பகுதிகளை அது எட்டியது.

மார்ச் 29-க்கும் செப்டம்பர் 18-க்கும் இடையே 173 நாட்கள் இருந்தன. மருந்து கையில் இருந்தது, உண்ணுவார் இல்லை. மின்னஞ்சல் வழியே நேர்ந்த அச்சேதத்திற்கு மூலகாரணம் மென்பொருளைச் செய்தவரின் பிழை என்பது மெய்யே. ஆயினும் அதனைத் தடுப்பதற்கு வாய்ப்பு இருந்தும் ஏறத்தாழ ஆறு திங்கள் வாளா இருந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

பயன்படுத்துவோர் திருத்தங்களை எதிர்பார்த்து இடுவதற்கு ஏதுவாக, 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று திருத்தங்களை வெளியிடும் முறையை மைக்ரோசாப்ட் மேற்கொண்டது. சந்தை கூடும் நாள் தெரிந்தால் வண்டி பூட்டுவது எளிதல்லவா? அம்முறை இன்றும் நடைமுறையில் உள்ளது.

கண்டவர், செய்தவர், இடுபவர்

ஓட்டையைக் கண்ட ஒருவர் அதனை உடனே ஊரறியக் கூறினால் திருடரும் அறிந்துகொள்வர். எவரிடமும் கூறாமல் இருந்தாலோ, அதனைத் தானே கண்டுபிடிக்கும் திருடனுக்கு அது நன்மையாக முடியும். ஆகவே, மென்பொருளைச் செய்தவருக்கு முதலில் தனியே தெரிவித்து, திருத்துவதற்குக் கால அவகாசம் அளித்து, அதன்பின் வெளியிடும் முறை வழக்கில் வந்துள்ளது. கூகுள் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் அமைத்த புராஜெக்ட் ஜீரோ என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் இதற்கு 90 நாட்கள் தவணை வைத்துள்ளனர். தவணை இல்லாவிடின் திருத்தும் வேலையைத் தள்ளிப்போடுவோர் உண்டு என்பதே இதற்குக் காரணம்.

இப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு 2023-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நல்ல எடுத்துக்காட்டு. படங்களைச் சுருக்கி அனுப்புவதற்கு வெப்-பி என்னும் முறை உண்டு. சுருங்கிய படத்தை மீண்டும் விரிப்பதற்காகக் கூகுள் எழுதிய நிரல் தொகுதியை எவரும் எடுத்தாளலாம். ஆகவே பல உலாவிகளும் மின்னஞ்சல் மென்பொருள்களும் அதனையே எடுத்தாண்டன. படத்தை விரிக்கும்போது நினைவகத்தில் அட்டவணை ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. வஞ்சகமாக அமைத்த படம் ஒன்றை அனுப்பினால், அட்டவணை ஒதுக்கிய இடத்தை மீறிச் சிந்தும். மேலே கூறிய கூடை நெல்லின் கதையே இங்கும் நடந்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்புப் பொறியாளர்களும், கனடா நாட்டின் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்னும் ஆராய்ச்சிக் கூடத்தாரும் செப்டம்பர் 6-ஆம் நாள் இதனைக் கூகுளுக்குத் தெரிவித்தனர். செப்டம்பர் 11-ஆம் நாள் குரோம் உலாவிக்குத் திருத்தம் வந்தது. இவ்வோட்டையைத் தீயோர் முன்னரே பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர் என்பதையும் கூகுள் அன்றே அறிவித்தது. மறுநாள் 12-ஆம் நாள் மொசில்லா நிறுவனத்தார் பயர்பாக்ஸ் உலாவிக்கும் தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளுக்கும் திருத்தம் வெளியிட்டனர். ஆறு நாட்களுக்குள் இவ்வளவும் நடந்தன.

இங்கே கருதத்தக்கது மற்றொன்றும் உண்டு. முதலில் இவ்வோட்டை குரோமுக்கு உரியது என்றே பதிவாயிற்று. அதே நிரல் தொகுதியை எடுத்தாண்ட வேறு பல மென்பொருள்களுக்கும் இது பொதுவானது என்பது சில நாட்கள் கழித்தே பரவலாக விளங்கிற்று. ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் வயல்களுக்கு மேல்மடையில் நேரும் கேடு பொதுவாவது போல, ஒரே பகுதியை எடுத்தாளும் மென்பொருள்களுக்கும் கேடு பொதுவாகிறது. ஆகவே உலாவியை மட்டும் புதுப்பித்துவிட்டு மின்னஞ்சல் மென்பொருளை மறந்துவிடுதல் போதாது.

திருத்தம் வெளியான பின்னரே அவசரம்

திருத்தம் வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. திருத்தம் வெளியானவுடன், பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டு, எங்கே மாற்றம் செய்தனர் என்று தீயோர் ஆராய்வர். மாற்றம் நிகழ்ந்த இடமே ஓட்டை இருந்த இடம். அதுவரை சிலரே அறிந்திருந்த இரகசியம் அன்று முதல் பலர் அறிந்ததாகிவிடும். ஆதலின் திருத்தம் வெளியான நாளுக்கும் அதனை நாம் இடும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அபாயம் மிகுந்த காலமாகும்.

குரோமியம் போன்ற மென்பொருள்களின் கட்டளை வரிகள் எவரும் படிக்கும்படி வெளியில் வைக்கப்பட்டுள்ளன. அதனால் அவற்றைச் செய்வோர் ஓட்டையை அடைத்தவுடனே, நம் கணினிக்குத் திருத்தம் வந்து சேருமுன்பே, அவ்வடைப்பு பிறர் கண்ணில் படலாம். இவ்விடைவெளி ஒரு காலத்தில் சராசரி 35 நாட்களாக இருந்தது. இரு வாரங்களுக்கு ஒருமுறை திருத்தம் வெளியிடத் தொடங்கிய பின் அது சுமார் 15 நாட்களாகக் குறைந்தது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் குரோமுக்கு வாரந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. செய்வோர் நாட்களை எண்ணி வேலை செய்யும்போது, இடுவோர் மாதங்களை வீணாக்கலாமா?

அடைப்பதோடு அமையாமல், ஓட்டை விழுந்தாலும் சேதம் பரவாதவாறு தடுக்கும் ஏற்பாடுகளும் செய்யப்பட்டுள்ளன. 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த குரோம், இணையப் பக்கங்களைக் கணினியின் பிற பகுதிகளைத் தொடமுடியாத தனி அறைகளில் வைத்துத் திறந்தது. இம்முறையைப் பிற உலாவிகளும் பின்பற்றின. நினைவகத்தில் சிந்தும் பிழைக்கு இடங்கொடாத ரஸ்ட் என்னும் கணினி மொழியில் சில பகுதிகளைப் புதிதாக எழுதி, மொசில்லா 2017-ஆம் ஆண்டு நவம்பரில் தன் உலாவியில் சேர்த்தது. இவற்றால் திருடரின் வேலை கடினமாயிற்று. ஆயினும் திருத்தத்தின் தேவை நீங்கிவிடவில்லை.

திருத்தம் நின்றுபோன மென்பொருள்

ஒரு மென்பொருளுக்கு அதனைச் செய்தவர் எக்காலமும் திருத்தம் வெளியிட்டுக்கொண்டே இருப்பதில்லை. குறித்த காலத்திற்குப் பின் நிறுத்திவிடுகின்றனர். அதன்பின் அம்மென்பொருள் முன்போலவே இயங்கும். பார்வைக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் புதிதாகக் காணப்படும் ஓட்டை ஒவ்வொன்றும் அடைபடாமல் நின்றுவிடும். பராமரிப்பவர் இல்லாத கரை கோடையில் நன்றாகவே தோன்றும். அதன் குறை மழையில்தான் வெளிப்படும்.

விண்டோஸ் 7 என்னும் கணினி அமைப்புக்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2020-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாளோடு முடிந்தது. அவ்வமைப்பில் இயங்கும் குரோம் உலாவி 2023-ஆம் ஆண்டு சனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022-ஆம் ஆண்டு சூன் 15-ஆம் நாள் ஓய்வு பெற்றது. விண்டோஸ் 10-க்கும் பொதுவான இலவசத் திருத்தம் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவடைந்தது. அதன்பின் நீட்டிப்பு ஏற்பாட்டில் சேர்ந்தவர்களுக்கே திருத்தம் உண்டு. தம் அலுவலகக் கணினி இவற்றுள் எந்நிலையில் உள்ளது என்பதைப் பஞ்சாயத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

பஞ்சாயத்து செய்யவேண்டுவன

முதலாவதாக, கணினிகளுக்கென ஒரு பதிவேடு வேண்டும். தளவாடச் சாமான்களுக்குப் பதிவேடு வைப்பது போல, எந்தக் கணினியில் எந்த அமைப்பு, எந்த உலாவி, எந்த மின்னஞ்சல் மென்பொருள், கடைசியாகத் திருத்தம் இட்ட நாள் எது என்பனவற்றை அதில் எழுத வேண்டும். இருப்பது இன்னது என்று தெரியாதவர் அதனைக் காப்பது எங்ஙனம்?

இரண்டாவதாக, இப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்து, வாரத்தில் ஒரு நாளைக் குறித்துவிட வேண்டும். எல்லோருக்கும் பொதுவான வேலை எவரும் செய்யாத வேலையாக முடிவதை நாம் காண்கிறோம். உலாவிகள் திருத்தத்தைத் தாமே இறக்கிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆயினும் உலாவியை மூடித் திறந்தாலன்றி அத்திருத்தம் நடைமுறைக்கு வருவதில்லை. பல அலுவலகங்களில் உலாவியை நாட்கணக்கில் மூடாமலே வைத்துள்ளனர். அங்கே திருத்தம் வாயிலில் வந்து காத்துக் கிடக்கிறது. குரோமின் மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, உதவி என்னும் பகுதியில் குரோமைப் பற்றி என்பதைத் திறந்தால், திருத்தம் உண்டா என்று அதுவே பார்த்துச் சொல்லும். மீண்டும் தொடங்குக என்று கேட்டால் உடனே அவ்வாறு செய்க. பயர்பாக்ஸ், தண்டர்பேர்டு ஆகியவற்றிலும் உதவிப் பகுதியில் இதே வசதி உண்டு.

மூன்றாவதாக, திருத்தம் பெறும் நிலையில் இல்லாத கணினியில் பணம் வழங்கும் வேலையைச் செய்தல் கூடாது. புதிய கணினிக்கான செலவை வரவு செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே சேர்ப்பது நன்று. கணினி இயங்குகிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று உறுப்பினர் எவரேனும் கேட்டால், மேலே கூறிய காரணத்தை எடுத்துரைக்க வேண்டும்.

நான்காவதாக, டிஜிட்டல் கையொப்பத்திற்குரிய சாதனத்தைக் கையொப்பமிடும் நேரத்தில் மட்டும் கணினியில் செருகி, வேலை முடிந்தவுடன் எடுத்து, உரியவரே பூட்டிவைக்க வேண்டும். கணினிக்குள் திருடன் நுழைந்துவிட்டாலும் முத்திரை அவன் கைக்கு எட்டாதிருத்தல் இன்றியமையாதது. கணக்கு விவரங்களின் படியொன்றையும் தனியே எடுத்து வைத்தல் நலம்.

விவசாயிகள் பெரும்பாலும் கைபேசியையே பயன்படுத்துகின்றனர். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் குரோம் உலாவிக்கும், பிற செயலிகள் இணையப் பக்கங்களைக் காட்டப் பயன்படுத்தும் வெப்வியூ என்னும் பகுதிக்கும் பிளே ஸ்டோர் வழியே திருத்தம் வருகிறது. பார்த்தறியாத பெயராக இருக்கிறதே என்று வெப்வியூவின் திருத்தத்தைத் தள்ளிவிடுதல் கூடாது. ஐபோனில் உலாவியின் திருத்தம் கைபேசி அமைப்பின் திருத்தத்தோடு சேர்ந்து வருகிறது.

திருத்தத்தால் தீராத கேடு

மென்பொருளின் ஓட்டை வேறு. மனிதரின் ஏமாற்றம் வேறு. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ என்னும் தீநிரல், காதற் கடிதம் போன்ற இணைப்பாக வந்தது. ஆவலால் திறந்தவர்களின் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. அங்கே பூட்டு உடைபடவில்லை. உடையவரே கதவைத் திறந்துவிட்டார். அதன்பின் மைக்ரோசாப்ட் வெளியிட்ட திருத்தம், அபாயமான இணைப்புகளை அவுட்லுக்கில் தடுத்ததுடன், ஒரு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட முயலும்போது எச்சரிக்கவும் செய்தது. ஆயினும் கேட்பவரிடமெல்லாம் இரகசிய எண்ணைக் கூறுவோரை எந்தத் திருத்தமும் காக்க இயலாது.

திருத்தத்தின் பெயராலேயே ஏமாற்றுவோரும் உண்டு. இணையப் பக்கம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கையில், உங்கள் உலாவி பழையதாகிவிட்டது, இதனைத் தொட்டுப் புதுப்பியுங்கள் என்று அறிவிப்பு தோன்றினால் அதனை நம்பலாகாது. மின்னஞ்சலில் இணைப்பாக வரும் திருத்தத்தையும் தொடலாகாது. உலாவியின் உதவிப் பகுதி, கணினியின் அமைப்புப் பகுதி, கைபேசியின் பிளே ஸ்டோர் போன்ற உரிய இடங்களிலிருந்தே திருத்தம் பெறவேண்டும். விதை வாங்குவோர் முத்திரையிட்ட பையை உரிய நிலையத்தில் வாங்குவது போன்றதே இது.

எச்சரிக்கையாக இருந்தும் பணம் பறிபோனால், காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் முறையிட வேண்டும். அரசு அமைப்புகளின் கணினிகள் தாக்கப்பட்டால் அதனை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று சர்ட்-இன் 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆணையிட்டுள்ளது. ஆதலின் அலுவலகக் கணினியில் ஐயத்திற்கிடமானது எது தோன்றினாலும் மேலலுவலருக்கு உடனே அறிவித்தல் வேண்டும். பழி வருமே என்று மறைப்பது நோயை மறைப்பதற்கு ஒப்பாகும்.

முடிவுரை

உலாவியும் மின்னஞ்சலும் பிழையற்றவையாக அமையும் காலம் வரும் என்று நாம் காத்திருக்க முடியாது. பிழை தோன்றுவதும், அதனை ஒருவர் காண்பதும், மற்றொருவர் திருத்துவதும் தொடர்ந்து நடைபெறும் வேலைகள். எங்கோ ஒரு நாட்டில் ஆராய்ச்சியாளர் ஓட்டையைக் காண்கிறார். வேறோர் இடத்தில் பொறியாளர் இரவு பகலாக உழைத்து அடைப்பை ஆயத்தம் செய்கிறார். அவ்வடைப்பை நம் ஊர்க் கரையில் வைப்பவர் நாமே. அந்தக் கடைசிக் கூடை மண்ணை நாம் இடாவிட்டால் முன்னே செய்த உழைப்பு அனைத்தும் நம்மளவில் பயனற்றுப் போகும்.

வாரத்திற்கு ஒருமுறை சில நிமிடங்களே இதற்குப் போதும். பஞ்சாயத்துத் தலைவர்களும் உறுப்பினர்களும் இதனைத் தம் அலுவலகத்தில் உடனே தொடங்கி, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மக்களுக்கும் எடுத்துரைப்பார்களாக. ஊர்ப் பொதுப் பணத்தையும் விவசாயிகளின் ஆவணங்களையும் காக்கும் கடமை அவர்களுடையது. அக்கடமையில் இதுவும் ஒரு பகுதியே.